போன வருஷத்து சூப்

ஒரு பானை சூப்பிலிருந்து தண்ணீரை முழுவதும் எடுக்க இருபத்தாறு மணி நேரம் ஆகும். திருப்பிச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். ஷிஹோவின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

சூப்பைச் சின்னத் தட்டுகளில் ஊற்றி முதலில் கல்லாக உறைய வைப்பார்கள். பிறகு காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் வைத்து லேசாகச் சூடு காட்டினால், ஐஸ் உருகாமல் நேராக ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கட்டி. உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றினால் வெங்காயத்தாள் பச்சையாக விரியும். கத்தரிக்காய்த் தோல் ஊதாவாகவே இருக்கும். கத்தி போன தடம்கூட மாறாது. கல்லூரியில் ஷிஹோவுக்கு இது ஒரு பாடம். இப்போது மட்சுமோட்டோவில் ஒரு தொழிற்சாலையின் புதுத் தயாரிப்புப் பிரிவில் சம்பளம்.

வீட்டிலும் அதுதான். அவளும் கணவன் சோஜியும் ஏழரைக்குள் கிளம்ப வேண்டும். சோஜி வடக்கே முராகாமியில் வளர்ந்தவன், சூப்பில் சிவப்பு மிசோ என்கிற சோயா விழுது இல்லாமல் அவனுக்குப் பொழுது விடியாது. ஷிஹோ தெற்கே ககாவாக்காரி, அவளுக்கு வெள்ளை மிசோ, அதுவும் இனிப்பாக. வேறு வீடாக இருந்தால் இதில் ஒருவர் தோற்றிருப்பார்கள். இவர்கள் வீட்டில் ஒரு கெட்டில் இருந்தது. அவரவர் கட்டியை அவரவர் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார்கள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை வளர்ந்ததில்லை. பாத்திரம் தேய்ப்பதைப் பற்றியும் வளர்ந்ததில்லை. தேய்க்க இரண்டு கிண்ணம்தான் இருந்தது.

இந்த நிம்மதியை மாமியாருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று ஷிஹோ நினைத்தாள்.

மாமியார் தொமிகோ முராகாமி வீட்டில் தனியாக இருந்தார். மாமனார் யோஸோ போன புத்தாண்டுக்கு முந்தைய அக்டோபரில் இறந்துவிட்டார். இந்த நவம்பர் கடைசியில் வாசல்படியில் உறைந்திருந்த தண்ணீரில் தொமிகோ வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு சமைக்க முடியவில்லை. ரைஸ் குக்கரை இடது கையால் அமுக்கிவிட்டு, வெறும் சோறும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு நாலு கிலோ இளைத்திருந்தார்.

மூத்த மகள் கசுயோ சைதாமாவிலிருந்து ஃபோன் செய்து முடிவைச் சொல்லிவிட்டாள். புத்தாண்டுக்கு எல்லாரும் வருவோம், மூன்றாம் தேதி திரும்பும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், வீட்டைப் பூட்டிவிடலாம்.

"உன் எட்டாவது மாடி வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்று தொமிகோ கேட்டார்.

"சாப்பிடற வேலைம்மா. இங்க அதுகூட நடக்கலயே."

தொமிகோ போக விரும்பவில்லை. ஆனால் போக மாட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. பதில் ஷிஹோவிடம் இருந்தது. கார் டிக்கியில், ஒரு அட்டைப் பெட்டியில், தொண்ணூறு கட்டிகளாக. கீரை, முட்டை, கத்தரிக்காய், டோஃபு, கோழிக் கஞ்சி. கெட்டிலைத் தூக்க ஒரு கை போதும்.

சிக்கல் என்னவென்றால் தொமிகோ அதைத் தொடமாட்டார். கோடைப் பரிசாக ஷிஹோ அனுப்பிய பெட்டியை அவர் நிலநடுக்கப் பைக்குள் டார்ச்சுக்கும் கயிற்றுக்கும் பக்கத்தில் வைத்திருந்தார். "நிலநடுக்கம் வரட்டும், சாப்பிடறேன்" என்று நன்றி சொன்னார்.

அதனால் ஷிஹோ முதலில் வேறொன்றைச் சாப்பிட வைக்க வேண்டியிருந்தது. அவளுடைய கைப்பையில் அலுமினியத் தாளில் சுற்றிய ஆறு கட்டிகள் தனியாக இருந்தன. அவை எந்தக் கடையிலும் கிடைக்காது. அவை தொமிகோ வைத்த சூப்.

போன வருடப் புத்தாண்டுதான் அந்த வீட்டில் ஷிஹோவுக்கு முதல் புத்தாண்டு. துக்க வீடு என்பதால் வாசலில் பைன் கிளை வைக்கவில்லை, யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை. ஆனால் வயிற்றுக்குத் துக்கம் கிடையாது. சால்மன் மீன், முள்ளங்கி, கேரட், கொன்யாக்கு என்னும் கிழங்கு ஜெல்லி எல்லாம் போட்ட புத்தாண்டு ஓஸோனி சூப்பைத் தொமிகோ எப்போதும்போல் பெரிய பானையில் வைத்திருந்தார். எங்கள் ஊரில் புத்தாண்டு சூப்பில் இனிப்புப் பூரணம் வைத்த மோச்சி அரிசிக் கொழுக்கட்டையைப் போடுவோம் என்று ஷிஹோ பேச்சுக்குச் சொன்னபோது, மேஜையில் இருந்தவர்கள் ஒரு கொலையைப் பற்றிக் கேட்டதுபோல் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சூப்பைக் குடித்தாள். ரொம்பவே உப்பாக இருந்தது. பனி விழும் ஊர், இவர்கள் ருசி இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எல்லாரும் "எப்பவும்போல பிரமாதம்" என்றார்கள். தொமிகோ மட்டும் தன் கிண்ணத்தை யோஸோவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவு பிரமாதமான சூப் அரைப் பானை மிஞ்சியது. அதை ஷிஹோ அப்போது யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"கீழ ஊத்தாத, எடுத்துட்டுப் போ" என்று தொமிகோ ஒரு பெரிய ஃப்ளாஸ்க் நிறையக் கொடுத்தார். ஷிஹோ அதை வேலைக்கு எடுத்துப் போனாள். கொன்யாக்குத் துண்டுகளைப் பொறுக்கி வெளியே போட்டாள். உறைந்தால் அது பஞ்சாகிவிடும். மீதியைச் சோதனைப் பெட்டியில் வைக்கலாமா என்று பிரிவுத் தலைவர் ஓரிதோவிடம் கேட்டாள். அவர் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார்.

"உப்பா இல்ல?"

"முராகாமி ருசி அப்படி சார்."

"ஓ" என்றார் ஓரிதோ. அவர் நாசூக்குக்குப் பேர்போன கியோட்டோக்காரர், மேலே கேட்கவில்லை.

இருபத்தாறு மணி நேரம் கழித்து ஏழு கட்டிகள் கிடைத்தன. மார்ச்சில் ஒன்றை உடைத்து வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். அதே மீன், அதே வாசனை, மாற்றமில்லாமல் அதே உப்பு. ஷிஹோ அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சோஜியிடமும் சொல்லவில்லை. சந்தோஷம் வந்தால் சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை.

திட்டம் எளிமையானது. புத்தாண்டுக் காலையில் மாமியாருக்கு அவருடைய சூப்பையே கொடுப்பது. இது என் கைப்பக்குவம் ஆயிற்றே என்று அவர் சொல்வார். அப்போது கட்டியைக் காட்டுவது. பிறகு டிக்கியைத் திறப்பது.

முப்பத்தொன்றாம் தேதி மாலை, நாளைக்கு நான் சூப் வைக்கட்டுமா அத்தை என்று ஷிஹோ கேட்டாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. தொமிகோ அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வை" என்றார். கசுயோவுக்கு முகம் சுருங்கியது.

"இனிப்பு மோச்சியெல்லாம் போட்டுடாத."

"மாட்டேன் அண்ணி."

"மீன் பிரிட்ஜில இருக்கு" என்றார் தொமிகோ. "கடைக்காரரே வெட்டிக் கொடுத்துட்டார். நான் மலை ஊர்ல பொறந்தவ, முழு மீனை வெட்டத் தெரியாது. மீன் வெட்டறது உங்க மாமாதான். நாப்பத்தொரு வருஷத்துல இந்தச் சமையலறைக்கு அந்த மனுஷன் செஞ்ச ஒரே உபகாரம் அது. வருஷத்துக்கு ஒரு மீன். அதுக்கே ஒரு ராத்திரி எடுத்துப்பார்."

"ஒரு ராத்திரியா?" என்று கசுயோவின் கணவன் நொபோரு கேட்டான்.

"வெட்டறது பத்து நிமிஷம் மாப்பிள்ளை. அப்புறம் ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சுக் கொட்டகைக்குப் போவார். குடிக்கிற சாக்கே பாட்டில் அங்கதான இருந்துச்சு. நான் தூங்கறேன்னு அவர் நினைப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். சோஜி மட்டும் சிரிக்கவில்லை. ஷிஹோ அதைக் கவனித்தாள். அவன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைத்தாள்.

முதல் தேதி காலையில் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். யாராவது பார்த்தால் கை ஓடாது என்று சொன்னாள். அவளுடைய கூச்சத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

உள்ளே செய்ய வேலை எதுவும் இல்லை. ஆனால் சத்தம் வேண்டும். ஷிஹோ ஒரு கேரட்டை எடுத்துப் பலகையில் வைத்து நறுக்கினாள். ஒரு கேரட் ஐந்து நிமிடம்தான் வந்தது. இன்னும் இரண்டு எடுத்து நறுக்கினாள். நறுக்கியதை என்ன செய்வது என்று தெரியாமல் பின்கதவைத் திறந்து பனியில் கொட்டினாள். பிறகு ஆறு கட்டிகளையும் பானையில் போட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்து, அளந்து ஊற்றினாள். வீட்டில் இருந்த கொன்யாக்கைக் கொஞ்சம் கிழித்துச் சேர்த்தாள். ஒரு நிமிடத்தில் முள்ளங்கி வெளுத்து விரிந்தது. சால்மன் துண்டுகள் ஆரஞ்சு நிறத்தில் மேலே வந்தன. ஒரு வருடம் கழித்து ஆவி பறந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். தினமும் பார்ப்பதுதான், அலுத்ததில்லை.

கூடத்தில் சோஜி அடுப்பில் மோச்சி சுட்டுக்கொண்டிருந்தான். ஷிஹோ கிண்ணங்களில் மோச்சியைப் போட்டு சூப்பை ஊற்றினாள். ஒரு கிண்ணம் யோஸோவின் படத்துக்கு. மீதி ஐந்து மேஜைக்கு. தொமிகோ இடது கையில் கரண்டியைப் பிடித்திருந்தார்.

எல்லாரும் முதல் வாய் குடித்தார்கள்.

"உப்பு" என்றாள் கசுயோ.

நொபோரு தண்ணீர் குடித்தான். "கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றான்.

"கொஞ்சமா? கடல்ல நேரா கிண்ணத்தை முக்கினாப்புல இருக்கு. ஷிஹோ, ருசி பார்த்தியா நீ?"

ஷிஹோ தன் கிண்ணத்தைக் குடித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தூள் வாசனை என்று ஒருவரும் சொல்லவில்லை, காய் செத்துப்போயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. தொழில் முறையில் இது வெற்றி. அவள் தொமிகோவைப் பார்த்தாள்.

தொமிகோ இரண்டாம் கரண்டியையும் குடித்துவிட்டு, "உப்புதான்" என்றார்.

"நான் வெந்நீர் கொண்டுவரேன்" என்று ஷிஹோ எழுந்தாள். சோஜியும் பின்னாலேயே வந்து சமையலறைக் கதவைச் சாத்தினான்.

"எவ்வளவு உப்புப் போட்டே?"

"நான் போடலங்க."

"அப்புறம்?"

ஷிஹோ குப்பைக் கூடையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்துக் காட்டினாள். "இது அத்தை வெச்சது. போன வருஷம் ஃப்ளாஸ்க்ல கொடுத்தாங்களே. காய வெச்சு எடுத்து வெச்சிருந்தேன்."

சோஜி தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"போன வருஷத்ததா?"

"ஆமா."

"ஐயோ."

"ஏன்?"

"போன வருஷம் அது உப்பு, ஷிஹோ. குடிக்கவே முடியல. கசுயோ அக்கா ராத்திரி முழுக்கத் தண்ணி குடிச்சா."

"எல்லாரும் பிரமாதம்னு சொன்னீங்களே."

"அப்பா போய் மூணு மாசம்கூட ஆகல. அம்மா அன்னிக்கு எதுவுமே சாப்பிடல. அவங்ககிட்ட போய் சூப் உப்புன்னு யார் சொல்றது?"

"உங்க ஊர் ருசியே அப்படித்தான்னு நான் நினைச்சேன்."

"நம்ம வீட்டுல நான் என்னிக்காவது இவ்வளவு உப்பு கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. ஷிஹோ யோசித்துப் பார்த்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு மாதிரி. அதை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. இந்தத் தப்பைக் கல்லூரியில் முதல் வருட மாணவர்கள் செய்தால் அவர்களைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

"ஏன் அப்படி உப்பாச்சு? அத்தை ரெண்டு தடவை போட்டுட்டாங்களா?"

சோஜி வாயைத் திறந்தான், மூடினான். "அத விடு" என்றான். "உன்னோடதாவே இருக்கட்டும். நீ உப்பு அதிகமா போட்டுட்டே, அவ்வளவுதான். இல்லேன்னா அம்மாவுக்குப் போன வருஷத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்."

ஷிஹோ வெந்நீர் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லாவிட்டால் தொண்ணூறு கட்டிகளும் மட்சுமோட்டோவுக்குத் திரும்பும், மூன்றாம் தேதி இந்த வீட்டுக்குப் பூட்டு விழும். சொன்னால், கணவனுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட கிண்ணம் வாயில் வைக்க முடியாத சூப் என்றும், அதைத் தன் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து மறைத்தார்கள் என்றும் ஒரு பெண்ணிடம் புத்தாண்டு அன்று சொல்ல வேண்டும். பேசாமல் இருப்பது ஷிஹோவுக்கு நன்றாக வரும். இதுவரை அதனால் யாரும் வீட்டை இழந்ததில்லை.

பின்கதவு திறந்தது. சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்த நொபோரு காலை உதறிக்கொண்டு உள்ளே வந்தான்.

"பின்னாடி பனி மேல கேரட்டா கிடக்கு" என்றான். "முயலுக்கா?"

ஷிஹோ பின்கதவைச் சாத்தினாள்.

"நல்ல மனசு" என்று சொல்லிவிட்டு நொபோரு கூடத்துக்குப் போனான்.

அவர்கள் திரும்பி வந்தபோது கசுயோ பேசிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியாம்மா? சாப்பாட்டையே படிச்சவ வெச்ச சூப் இது. நாளைக்கு நீ இடது கையால வெச்சா என்ன ஆகும்? சண்டை போட நான் வரல. மத்தியானம் உன் துணியெல்லாம் எடுத்து வெச்சுடலாம்."

"நீதான் நேத்தே எடுத்து வெச்சுட்டியே" என்றார் தொமிகோ. அவர் மகளைப் பார்க்கவில்லை. கரண்டியில் ஒரு கேரட் துண்டை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷிஹோ, இதை எந்தக் கத்தியால நறுக்கினே?"

"இங்க இருக்கிற கத்தியாலதான் அத்தை."

"நீ ஜூன்ல வாங்கிக் கொடுத்தியே, அதுவா?"

"ஆமா."

"பழைய கத்தியை என்ன பண்ணினே?"

"நீங்க சொன்னீங்கன்னு அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்."

"அதுல நுனிகிட்ட ஒரு பல்லு உடைஞ்சிருந்துச்சு. எதை நறுக்கினாலும் நடுவுல ஒரு கோடு விழும். பதினஞ்சு வருஷமா என் வீட்டுக் கேரட்டுக்கெல்லாம் கோடு." தொமிகோ கரண்டியை அவள் பக்கம் நீட்டினார். "இதுல இருக்கு பாரு."

ஷிஹோ பார்த்தாள். கேரட்டின் முகத்தில் நூல்போல ஒரு மேடு ஓடியது. கத்தி போன தடம் மாறாது என்று அவளே ஒரு அறிக்கையில் எழுதியிருக்கிறாள்.

"அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கினியா இந்தச் சூப்பை?" என்றாள் கசுயோ.

"அக்கம்பக்கத்துல என் கத்தி எப்படிடி இருக்கும்?"

ஷிஹோவுக்குக் காது சுட்டது. சோஜி மேஜைக்கடியில் அவள் முழங்காலைத் தொட்டான். வேண்டாம் என்றானா, சொல் என்றானா என்று தெரியவில்லை.

"இது கட்டி, அத்தை" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னாள். "நிலநடுக்கப் பையில வெச்சிருக்கீங்களே, அந்த மாதிரிக் கட்டி. தண்ணி மட்டும்தான் நான் ஊத்தினேன். உள்ள இருக்கிறது நீங்க வெச்சது. போன வருஷம் இதே நாள்."

நொபோரு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான். "இதுவா? காய்ஞ்சு கிடந்துச்சா?" என்றான். "மீன் மீன் மாதிரியே இருக்கே."

"ஒரு வருஷமாச்சு" என்றாள் ஷிஹோ. இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

தொமிகோ மறுபடி ஒரு வாய் குடித்தார். நிதானமாக விழுங்கினார். பிறகு மகளைப் பார்த்தார்.

"கசுயோ, போன வருஷம் இதை நீ என்ன சொன்னே?"

கசுயோ ஊறுகாய்த் தட்டைப் பார்த்தாள்.

"பிரமாதம்னியே. அப்பா இருந்தா மூணு கிண்ணம் குடிப்பார்னே."

"அம்மா, அன்னிக்கு நிலைமை அப்படி."

"மாப்பிள்ளை?"

"நான் ரெண்டாவது கிண்ணம் வாங்கினேன் அத்தை" என்றான் நொபோரு. "சத்தியமா வாங்கினேன். குடிக்கலதான்."

"அந்த மனுஷன் படத்துக்கு முன்னாடி இதைப் போய் வெச்சிருக்கேன்" என்றார் தொமிகோ. அவர் அழுதுவிடுவார் என்று ஷிஹோ பயந்தாள். அழவில்லை. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றச் சொல்லிச் சைகை காட்டினார். ஷிஹோ ஊற்றினாள். தொமிகோ கலக்கிக் குடித்தார். "இப்பப் பரவாயில்ல."

எல்லாரும் தங்கள் கிண்ணங்களை நீட்டினார்கள். ஷிஹோ வரிசையாக ஊற்றினாள்.

"அந்தக் கட்டியெல்லாம் இப்படித்தான் இருக்குமா? உள்ள போட்டதை அப்படியே காட்டிக் கொடுத்துடுமா?"

"ஆமா அத்தை. கூட்டாது, குறைக்காது."

"வேற இருக்கா?"

"டிக்கில தொண்ணூறு இருக்கு. கீரை, முட்டை, டோஃபு... உப்பு சரியா இருக்கும். நானே பார்த்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். ஒரே மூச்சில் இவ்வளவு பேசிப் பழக்கமில்லை. "ஒரு நாளைக்கு மூணு. கை சரியாகிற வரைக்கும் போதும். தீர்ந்தா அனுப்பறேன். கெட்டிலை மட்டும் தூக்கணும்."

"கெட்டிலை நான் தூக்குவேன்" என்றார் தொமிகோ. "கொண்டுவந்து அலமாரியில வை. பையில வேணாம், அலமாரியில. கசுயோ, நீ எடுத்து வெச்ச துணியையெல்லாம் திருப்பி மடிச்சு வெச்சுடு."

"அம்மா, நான் உன் நல்லதுக்குத்தான்..."

"தெரியும்டி. இளைச்சா வரேன். மாசா மாசம் எடை பார்த்து உனக்கு ஃபோன்ல சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "உண்மையைச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

கசுயோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்தாள். நொபோரு மோச்சியைக் கடித்து நீளமாக இழுத்தான். ஷிஹோ உட்கார்ந்து தன் சூப்பைக் குடித்தாள். வெந்நீர் ஊற்றிய பிறகு அதில் மீன் வாசனை தெரிந்தது, முள்ளங்கியின் இனிப்பு தெரிந்தது. இதுதான் சரியான ருசி போலிருக்கிறது என்று முதல்முறையாக அவளுக்குப் புரிந்தது. மனதில் இதை இரண்டாவது மாதிரி என்று குறித்துக்கொண்டாள்.

தொமிகோ மட்டும் கரண்டியைக் கீழே வைத்திருந்தார்.

"ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல" என்றார். "அதே கரண்டி, அதே பானை. நான் ருசி பார்க்கிறதே இல்ல, கைக்கே அளவு தெரியும். நாப்பது வருஷம் சரியா இருந்தது அந்த ஒரு வருஷம் எப்படி உப்பாச்சு? துக்கத்துல கை தடுமாறிடுச்சுன்னு சொல்லாதீங்க. என் கை தடுமாறல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அந்த வருஷம் வேற எதையாவது மாத்தினீங்களா அத்தை?" என்று ஷிஹோ கேட்டாள். வேலையில் கேட்கிற கேள்வி, தானாக வந்துவிட்டது.

"ஒண்ணும் மாத்தல. அதே மீன் கடை, கடை வாசல்ல தொங்கவிட்ட அதே உப்பு சால்மன். இவர் இல்ல, அதனால கடைக்காரர் வெட்டிக் கொடுத்தார். அப்படியே பானையில போட்டேன். வெட்டறது யாரா இருந்தா என்ன?"

சோஜி சாப்ஸ்டிக்கைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தான். பிறகு அப்படி வைக்கக் கூடாது என்று ஞாபகம் வந்ததுபோல் எடுத்துப் பக்கத்தில் வைத்தான். யோஸோவின் படத்துக்கு முன்னால் ஆறாவது கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் யாரும் வெந்நீர் ஊற்றவில்லை.

"அம்மா, அப்பா கொட்டகைக்குக் குடிக்கப் போகல" என்றான். "வெட்டின மீனை அங்க ஒரு வாளித் தண்ணில ஊறப் போடுவார். உப்பு இறங்கறதுக்கு. ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய் அந்தத் தண்ணியத்தான் மாத்துவார்."